மகம் உச்சியில் நிற்கும் தீவு

உலகப் படத்தில் சென்னைப் பட்டணத்தின்மீது ஒரு விரலை வைத்து, வடக்கே ஏறாமலும் தெற்கே சாயாமலும் நேர் மேற்காக இழுத்துக்கொண்டே போகலாம். காசு செலவில்லாத பிரயாணம், குடும்பத்தோடு செய்யலாம். விரல் முதலில் வேலூரைத் தொடும். அதற்குச் சற்றுத் தெற்கே ஒட்டினாற்போல் ஜவ்வாது மலை கிடக்கும். பிறகு பெங்களூர், மங்களூர். அரபிக் கடலைத் தாண்டினால் ஏடன் துறைமுகம். ஆப்பிரிக்காவுக்குள் புகுந்து, சாட் ஏரியை உரசிக்கொண்டு, காம்பியா நதி கடலோடு கலக்கும் இடத்துக்கருகே விரல் மறுபடி ஜலத்தில் இறங்கும். அட்லாண்டிக் சமுத்திரம் முழுவதையும் கடந்த பின் பார்படோஸ் தீவு. அங்கிருந்து இன்னும் நூறு மைல் சொச்சம் போனால், அச்சுக்கோப்பவர் மறந்துபோய் வைத்த முற்றுப்புள்ளி மாதிரி ஒன்று தென்படும். அதன் பெயர் செயின்ட் வின்சென்ட். அதன் தலைநகரமாகிய கிங்ஸ்டவுன், பூமத்திய ரேகைக்கு வடக்கே 13 பாகை 9 கலையில் இருக்கிறது. நம் சென்னை 13 பாகை 5 கலையில். வித்தியாசம் நாலே கலை. தரையில் அளந்தால் ஐந்து மைல்கூட வராது.

அந்த முற்றுப்புள்ளியின் வடபகுதியில் ஓர் எரிமலை. லா சூஃப்ரியேர் என்று பெயர். கந்தகச் சுரங்கம் என்பது போன்ற பொருள். உயரம் நாலாயிரம் அடி. இந்தத் தீவுக்குப் பாய்மரப் படகில் சென்று, மலையும் ஏறித் திரும்பிய நண்பர் ஒருவரோடு சித்திரை மாதத்தில் நாலு நாள் ஜவ்வாது மலையில் தங்க நேர்ந்தது. வியாபாரக் கப்பல்களில் இயந்திரப் பொறுப்பாளராக முப்பது வருஷம் உழைத்து ஓய்வு பெற்றவர். தண்ணீரைக் கண்டு அலுத்தவர் மலைக்குத்தானே வருவார் என்று நினைத்தோம். அவரோ ஜமுனாமரத்தூரில் வந்திறங்கியதும் கோமுட்டேரியில் படகு விடுகிறார்களாமே என்று விசாரித்தார்.

சனிக்கிழமை காவலூருக்குப் போனோம். வாசகர்கள் அறிந்த இடந்தான். வேணு பாப்பு என்னும் வானநூல் மேதை 1960-களில் தேர்ந்தெடுத்த மலைப்பாங்கு. இரண்டாயிரத்து முன்னூறு அடிக்குச் சற்று மேற்பட்ட உயரம். ஊர் வெளிச்சம் எட்டாத இருட்டு. அவர் 1982-ல் காலமானார். அவர் கனவு கண்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-ல் திறக்கப்பட்டு அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. காவலூரைத் தேர்ந்ததற்கு அதன் அட்சரேகையும் ஒரு காரணம். பன்னிரண்டரைப் பாகையில் நிற்பவனுக்கு வட வானமும் கிட்டும், தென் வானத்திலும் பெரும்பகுதி கிட்டும். துருவ நட்சத்திரத்தையும் திரிசங்குவையும் ஒரே முற்றத்திலிருந்து காணும் பாக்கியம் லண்டன்காரனுக்குக் கிடையாது.

அன்றிரவு மகம் நட்சத்திரம் ஏறக்குறையத் தலைக்கு நேரே நின்றது. நண்பர் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துவிட்டு, "இதைத்தான் அங்கேயும் பார்த்தேன். நங்கூரம் போட்டுப் படகின் தளத்தில் மல்லாந்து படுத்தால், பாய்மரத்தின் உச்சியில் குத்தி வைத்தாற்போல் இதே மகம்" என்றார். கணக்குப் போட்டுப் பார்த்தோம். காவலூருக்கும் கிங்ஸ்டவுனுக்கும் இடையே 140 பாகை தூரம். பூமி அதைச் சுற்றிவர ஒன்பது மணி இருபது நிமிஷம் ஆகும். இங்கே ஒன்பது மணிக்கு உச்சியில் நிற்கும் நட்சத்திரம், நாம் விடிந்து பல் துலக்கும் வேளையில் அந்தத் தீவின் உச்சிக்கு வந்துவிடும்.

அவருடைய கடல் பயணத்தைக் கொஞ்சம் கேளுங்கள். செயின்ட் வின்சென்டுக்குத் தெற்கே ஒன்பது மைலில் பெக்வி என்ற சிறு தீவு உண்டு. மரப்படகு கட்டுவதில் பெயர் போன ஊர். அங்கிருந்து விடியற்காலையில் பாய் விரித்துப் புறப்பட்டார்களாம். வருஷத்தில் பெரும்பகுதி கிழக்கிலிருந்து வீசும் வியாபாரக் காற்று படகை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு ஓட்டுகிறது. தீவுகளுக்கு இடையே நீரோட்டம் மேற்கே இழுக்கிறது. சுக்கான் பிடித்தவர் தீவுக்கு நேரே முகம் வைத்தால் தீவைத் தவறவிட்டுவிடுவார். எதிரே தெரியும் மலைக்கு வலப்புறமாக, வெறும் சமுத்திரத்தைப் பார்த்து ஓட்டினால்தான் மலைக்குப் போய்ச் சேரலாமாம்.

மலையின் மேற்குப் பக்கம் வந்ததும் காற்று நின்றுவிடுகிறது. நாலாயிரம் அடிச் சுவர் அதைத் தடுத்துவிடுகிறதல்லவா? பாய் துவண்டு தொங்குகிறது. 'சரி, துடுப்பை எடு' என்று எண்ணும் வேளையில், ஏதோ ஒரு பள்ளத்தாக்கின் வழியாகத் திடீரென்று ஒரு பாட்டம் காற்று இறங்கி வந்து படகை அறைகிறது. கரையோ கறுப்பு. மணல் முழுவதும் எரிமலையின் சாம்பலும் பாறைப் பொடியுந்தான். விளிம்பிலிருந்தே கடல் ஆழமாகிவிடுவதால் நங்கூரம் மட்டும் போதாது. உள்ளூர்ப் பையன் ஒருவன் சிறு தோணியில் துடுப்புப் போட்டு வந்து, படகின் பின்வடத்தை வாங்கிக்கொண்டு போய்த் தென்னை மரத்தில் கட்டுகிறான். "கப்பலில் முப்பது வருஷம் போனேன். தென்னை மரத்தில் கட்டிப்போட்ட கப்பலில் தூங்கியது அன்றுதான்" என்றார் நண்பர்.

அந்தத் தீவோடு நமக்குச் சம்பந்தமில்லை என்று எண்ணும் இல்லத்தரசிகள் தங்கள் அலமாரியைத் திறந்து பார்க்கலாம். வயிறு சரியில்லாத குழந்தைக்குக் காய்ச்சுகிற ஆரோரூட் கஞ்சி இருக்கிறதே, அந்த மாவை வெகுகாலம் உலகத்துக்கெல்லாம் ஏராளமாக அனுப்பிவந்தது இந்தச் செயின்ட் வின்சென்ட்தான். கிங்ஸ்டவுனில் 1765-ல் ஏற்பட்ட தாவரத் தோட்டம் ஒன்றும் இருக்கிறது. 1793-ல் கேப்டன் பிளை என்பவர் தஹிதியிலிருந்து ஈரப்பலாக் கன்றுகளை இங்கே கொண்டுவந்து இறக்கினார். முன்னொரு முறை இதே காரியமாகப் போனபோது மாலுமிகள் கலகம் செய்து அவரைத் தோணியில் இறக்கி விட்டார்களே, அதே மனிதர். ஈரப்பலா நம் பலாவுக்கு ஒன்றுவிட்ட சகோதரன். அடிமைகளுக்குக் குறைந்த செலவில் வயிறு நிரப்ப வேண்டும் என்பதே அந்த ஏற்பாட்டின் கருத்து. அடிமைகளோ வெகுநாள் அதைச் சீந்தவில்லை என்பார்கள். இன்றைக்கு அதுவே அந்நாட்டின் தேசிய உணவில் பாதி.

மலையில் ஒதுங்கி வாழ்ந்த ஆதிக்குடிகளின் கதை அங்கும் உண்டு. கரீப் என்னும் மக்கள் வெள்ளையரை எதிர்த்து நீண்டகாலம் நின்றார்கள். அவர்களுடைய தலைவர் சட்டோயர் 1795-ல் வீழ்ந்தார். பிடிபட்ட ஆயிரக்கணக்கானவர்களைத் தண்ணீரில்லாத ஒரு குட்டித் தீவில் கொண்டுபோய் அடைத்தார்கள். பாதிப் பேர் அங்கேயே மாண்டனர். எஞ்சியவர்களை 1797-ல் மத்திய அமெரிக்கக் கரையோரத்துத் தீவொன்றுக்குக் கடத்திவிட்டார்கள். சட்டோயர் இன்று அந்நாட்டின் தேசிய வீரர். ஜவ்வாது மலையின் மலையாளி மக்கள் தங்கள் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்து மலையேறியவர்கள் என்று சொல்வது வழக்கம். இவர்களை இங்கிருந்து யாரும் கப்பலேற்றவில்லை என்ற அளவில் தெய்வத்துக்கு நன்றி சொல்ல வேண்டியதுதான்.

இனி நம் சமாசாரத்துக்கு வருவோம்.

பிரிட்டிஷ் குடியேற்றங்களில் அடிமை முறை 1838-ல் முற்றிலும் ஒழிந்தது. கரும்புத் தோட்டத் துரைமார்களுக்குக் கைகள் வேண்டியிருந்தன. கிரிமிட்டு ஒப்பந்தம் பிறந்தது. 1861-ம் வருஷம் ஜூன் மாதம் முதல் தேதி, கிங்ஸ்டவுன் துறையில் 'திருவாங்கூர்' என்ற பாய்க்கப்பல் வந்து நங்கூரமிட்டது. அதிலிருந்து இறங்கியவர்கள் சுமார் 260 பேர். கப்பல் புறப்பட்ட இடம் சென்னை.

விரலை வைத்துக் கோடிழுத்தோமே, அந்தக் கோட்டின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிக்கு! ஆனால் அவர்கள் போன வழி நேர் கோடல்ல. சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டதே 1869-ல்தான். சென்னைக்கு அப்போது துறைமுகம் என்று சொல்லத்தக்கது கிடையாது. கப்பல் தூரத்தில் நிற்கும். தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்த மசூலாப் படகில் அலைகளைப் பிளந்துகொண்டு போய் ஏற வேண்டும். பிறகு தெற்கே, தெற்கே, நன்னம்பிக்கை முனை வரையில்; அதைச் சுற்றிக்கொண்டு அட்லாண்டிக்கில் வடமேற்காக ஏற வேண்டும். ஏறக்குறைய மூன்று மாதப் பிரயாணம்.

துருவ நட்சத்திரம் அடிவானத்துக்கு மேல் எத்தனை பாகையில் நிற்கிறதோ அத்தனை பாகையே நாம் நிற்கும் இடத்தின் அட்சம் என்பது மாலுமிகளின் பழம் பாடம். சென்னைக் கரையில் அது பதின்மூன்று பாகை உயரத்தில் நிற்கும். கப்பல் தெற்கே போகப் போக இறங்கிக்கொண்டே வரும். பூமத்திய ரேகையைத் தாண்டினால் கடலுக்குள் மறைந்துவிடும். பல வாரங்களுக்கு அதைக் காண முடியாது. திரிசங்குதான் மேலேறி நிற்கும். கலியாணப் பெண்ணுக்குக் காட்டிக்கொடுத்த அந்த நட்சத்திரம் காணாமற் போனதை, மேல்தளத்துக்கு வர அனுமதி கிடைத்த இரவுகளில் யாராவது கவனித்திருப்பார்களா? அட்லாண்டிக்கில் மறுபடி ரேகையைக் கடந்ததும் அது மெல்லத் தலையெடுக்கும். கிங்ஸ்டவுனில் இறங்கும்போது சரியாகச் சென்னையில் நின்ற அதே உயரத்துக்கு வந்து நிற்கும். வானத்தை மட்டும் பார்த்தவனாயிருந்தால், 'எங்கோ சுற்றிவிட்டு ஊருக்கே திரும்பிவிட்டோம்' என்றல்லவா எண்ணியிருப்பான்!

1880 வரையில் எட்டுக் கப்பல்களில் 2,400-க்கு மேற்பட்டவர்கள் அந்தத் தீவுக்குப் போனார்கள். பின்வந்த கப்பல்கள் பல கல்கத்தாவிலிருந்து புறப்பட்டவை. 1882 அக்டோபர் 7-ந் தேதி, தோட்டத்து இந்தியர்கள் ஒரு கூட்டமாகத் தலைநகருக்கு நடந்து சென்று அதிகாரிகளிடம் தங்கள் குறைகளை முறையிட்டார்கள். நம் காங்கிரஸ் மகாசபை பிறப்பதற்கு மூன்று வருஷம் முந்தி, பூமியின் மறு கோடியில், பிரசங்கியார் ஒருவருமில்லாமல் நடந்த யாத்திரை இது. பாடப்புத்தகங்களில் இதைத் தேடினோம், காணோம். அத்தீவின் பார்லிமெண்டுக்கு நம்மைவிட ஞாபகசக்தி அதிகம். 2007-ல் ஜூன் முதல் தேதியை இந்தியர் வருகை தினமாகவும், அக்டோபர் 7-ஐ இந்திய மரபு தினமாகவும் அது பிரகடனம் செய்தது.

தோட்டங்கள் பல எரிமலையின் கிழக்கு அடிவாரத்திலேயே இருந்தன. 1902-ம் வருஷம் மே மாதம் 7-ந் தேதி மலை வெடித்தது. நெருப்புக் குழம்பு ஆறாக ஓடி வந்து மெதுவாக அழிக்கும் என்று நாம் நினைக்கிறோம். சூஃப்ரியேரின் வழக்கம் வேறு. அனல் காற்றும் சாம்பலும் கல்லும் ஒன்றாகத் திரண்ட மேகம், மலைச்சரிவில் குதிரையைவிட வேகமாக இறங்கி வரும். மூச்சு விட நேரமிராது. சுமார் 1,600 பேர் மாண்டனர். கரீப் குடிகளும் ஏழைத் தோட்டத் தொழிலாளருமே அதிகம். ஆரஞ்சு ஹில் தோட்டத்தில் சாராயம் வைக்கும் நிலவறைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்ட நூற்றுக்கு மேற்பட்டவர்கள் பிழைத்தார்கள். மதுபானத்தைப் பற்றி நாம் சொல்லக்கூடிய நல்ல வார்த்தை இந்த ஒன்றுதான்.

மறுநாளே பக்கத்துத் தீவான மார்ட்டினிக்கில் பெலே மலை வெடித்து, செயின்ட் பியேர் நகரத்தையும் அதிலிருந்த சுமார் 28,000 பேரையும் சில நிமிஷங்களில் அழித்தது. உலகத்துப் பத்திரிகைகளெல்லாம் அந்தப் பக்கம் திரும்பிவிட்டன. ஆயிரத்து அறுநூறு பேர் இருபத்தெட்டாயிரத்தின் நிழலில் மறைந்துபோனார்கள்.

2021 ஏப்ரல் 9-ல் சூஃப்ரியேர் மறுபடி வெடித்தபோது நடந்தது வேறு. டிரினிடாடிலுள்ள மேற்கிந்தியப் பல்கலைக்கழகத்தின் நிலநடுக்க ஆராய்ச்சியாளர்கள் சில மாதங்களாகவே மலையின் நாடியைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வெடிக்கப்போகிறது என்று அவர்கள் சொல்ல, முந்தின நாளே வெளியேறும் உத்தரவு பிறந்தது. சாம்பல் பார்படோஸ் வரையில் போய் விழுந்தது. இருபதினாயிரம் பேர் வரை வீடிழந்து நின்றார்கள். ஆனால் அந்த வெடிப்பில் நேரடியாக ஓர் உயிரும் போகவில்லை. காவலூரில் வானத்தைக் கவனிப்பவர்களைப் பார்த்துவிட்டு, 'இதெல்லாம் எதற்கு ஐயா, சோறு போடுமா?' என்று கேட்கும் அன்பர்களுக்கு இந்தச் செய்தியைக் காணிக்கையாக்குகிறோம். மலையைக் கவனிப்பதும் அதே ஜாதி வேலைதான்.

நண்பர் மலையேறியது 2023-ல். கிழக்குப் பக்கம் ரபக்காவிலிருந்து மூங்கில் தோப்பு வழியாகப் பாதை. மேலே போகப் போக மரங்களெல்லாம் எரிந்த குச்சிகளாக நிற்க, அவற்றின் காலடியில் சாம்பலைத் துளைத்துக்கொண்டு பெரணிச் செடிகள் பச்சைப் பசேலென்று கிளம்பியிருந்தனவாம். விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தால் ஆவி புகைகிறது.

இறங்கும் வழியில் ஒரு சிற்றூரில், இந்திய முகச்சாயல் கொண்ட ஒரு மூதாட்டி நண்பரை வழிமறித்து, "எந்தத் தேசம்?" என்று விசாரித்தாளாம். மதராஸ் என்றார். அந்தச் சொல் அவளுக்குத் தெரிந்திருந்தது. வேறு தமிழ்ச் சொல் ஒன்றும் தெரியவில்லை. மாதா கோவிலுக்குப் போகிறவள். பெயரும் ஆங்கிலப் பெயர். நண்பர் தம்மிடமிருந்த ஜவ்வாது மலைப் படத்தைக் காட்டினார். வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது புகையுமா?" என்று கேட்டாளாம்.

புகையாது, அம்மணி. எதிரேயுள்ள ஏலகிரி மட்டும் ஒரு காலத்தில் பூமியின் வயிற்றில் உருகிக் கிடந்து இறுகிய பாறை என்கிறார்கள் பாறை வல்லுநர்கள். அதற்கும் சுமார் 75 கோடி வருஷமாகிறது.

எல்லாத் தீவிலும் இப்படி மறதி பரவிவிடவில்லை. வடக்கே பிரெஞ்சுக்காரர்களின் குவாதலூப்பும் மார்ட்டினிக்கும் எரிமலைத் தீவுகள்தாம். புதுச்சேரி, காரைக்கால் வழியாகப் போனவர்களின் சந்ததியார் அங்கே மாரியம்மனை 'மாலியெமென்' என்று கும்பிடுகிறார்கள். கப்பலில் காத்த நாகூர் ஆண்டவரையும் மறவாமல் கூடவே வைத்துக்கொண்டார்கள். மசாலாக் கறிக்கு அங்கே 'கொழும்பு' என்று பெயர். குவாதலூப்பின் சூஃப்ரியேர் மலையடிவாரத்தில் 1863-ல் பிறந்த ஹென்றி சிதம்பரம், இந்தியர்களுக்குப் பிரெஞ்சுப் பிரஜா உரிமை வேண்டி 1904-ல் தொடங்கிய வழக்கை 1923 வரையில் விடாமல் நடத்தினார். பெயரில் ஒரு க்ஷேத்திரம் ஒட்டிக்கொண்டிருந்ததே, அதுவே எவ்வளவு பெரிய விஷயம்!

கிரிமிட்டு ஆள்சேர்ப்பு 1917-ல் நின்றது. ஆள் பிடிக்கும் தரகன் மட்டும் நின்றுபோகவில்லை. 2015 ஏப்ரல் 7-ந் தேதி, திருப்பதிக்கு அருகே சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீசார் சுட்டதில் செம்மரம் வெட்டப் போனதாகச் சொல்லப்பட்ட 20 பேர் இறந்தார்கள். எல்லாரும் தமிழர்கள். அவர்களுள் இந்த ஜவ்வாது மலையைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். சாமையும் புளியும் தேனும் வருஷம் முழுவதும் வயிற்றைக் காக்காதபோது, முன்பணத்தோடு ஒருவன் மலையேறி வருகிறான். எந்தக் காடு, எவ்வளவு ஆபத்து என்பதெல்லாம் வண்டியேறிய பிறகு தெரிகிற விஷயம். எரிமலையின் அடிவாரத்தில் தோட்டம் என்று 'திருவாங்கூர்' கப்பலில் ஏறியவர்களுக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

ஜமுனாமரத்தூர்ச் சந்தையில் தேன் விற்ற மலைவாசிப் பெரியவர் ஒருவரிடம், பேச்சுவாக்கில் நண்பர் இந்தக் கப்பல் கதையைச் சொன்னார். பெரியவர் எரிமலையைப் பற்றியோ மூன்று மாதக் கடலைப் பற்றியோ ஒன்றும் கேட்கவில்லை.

"ஏங்க ஐயா, முன்பணம் எவ்வளவு கொடுத்தாங்களாம்?" என்றார்.

"முன்பணத்தை விடுங்கள் பெரியவரே. திரும்பி வரக் கப்பல் சத்தமும் தருவதாக எழுதியே கொடுத்தார்கள்" என்றார் நண்பர்.

பெரியவர் தேன் புட்டியின் வாயை வாழைச் சருகால் இறுக்கிக் கட்டிக் கொடுத்துவிட்டு, "எழுதித்தான் கொடுப்பாங்க" என்று சொல்லி அடுத்த ஆளைப் பார்க்கத் திரும்பினார்.